பேஸ்பால்ல கையெழுத்து போட்டுட்டு காலேஜ்ல ஃபுட்பால் ஆடலாமா? (கைலர் மர்ரே)

கேள்வி, 2018 ஜூன் 6

டல்லாஸ் வந்து எட்டு மாசம் ஆகுது அண்ணா, இந்த ஊர் விளையாட்டு ஒண்ணும் பிடிபடல. ஆஃபீஸ்ல ரெண்டு நாளா ஒரே பேச்சு. கைலர் மர்ரேன்னு ஒரு பையன், இங்க ஆலன் ஹைஸ்கூல்ல படிச்சவன், இப்போ ஓக்லஹோமா யுனிவர்சிட்டி. பேஸ்பால் டிராஃப்ட்ல, அதான் டீமுங்க வரிசையா புது ஆளுங்களைப் பொறுக்கி எடுக்கிறதுல, ஓக்லாண்ட் ஏ'ஸ் அவனை 9வது ஆளா எடுத்துருக்காங்க. மில்லியன் கணக்குல தரப்போறாங்களாம். ஆனா செப்டம்பர்ல காலேஜுக்கு ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) ஆடுவானாம், அதுவும் பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக்காம். காலேஜ்ல ஆடுறவன் பத்து பைசா வாங்கக் கூடாதுன்னுதானே ரூல்? ரூம்மேட் இது சீட்டிங், மாட்டுவான்னு அடிச்சு சொல்றான்.

ஜூன் 6, ராத்திரி

சீட்டிங் இல்ல தம்பி. ரூம்மேட்கிட்ட பந்தயம் கட்டியிருந்தா காசை வாங்கிக்க.

காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏ 1974லருந்து ஒரு வாசலைத் திறந்து வச்சிருக்கு. ஒரு விளையாட்டுல ப்ரொஃபெஷனலா காசு வாங்கினா அந்த விளையாட்டை காலேஜ்ல ஆடக் கூடாது, அவ்ளோதான். வேற விளையாட்டு ஆடலாம். மர்ரே இனிமே ஓக்லஹோமாவுக்கு பேஸ்பால் ஆட முடியாது, ஃபுட்பால் தாராளமா ஆடலாம். பேஸ்பால் காசு பேங்க்ல கிடக்கும், சனிக்கிழமை ஹெல்மெட் மாட்டிக்கிட்டு பத்து பைசா வாங்காத மாணவனா மைதானத்துல இறங்குவான். கேக்க காமெடியா இருக்கும், ஆனா ரூல் அதான்.

இது புதுசும் இல்ல. டென்வர் புரோங்கோஸ் ஜான் எல்வே தெரியுமா, அந்த ஆளு ஸ்டான்ஃபோர்ட்ல படிக்கும்போதே நியூயார்க் யாங்கீஸ் முதல் ரவுண்டுல எடுத்து கையெழுத்து வாங்கிட்டாங்க. ஒரு சம்மர் பேஸ்பால் ஆடிட்டு திரும்பி வந்து ஸ்டான்ஃபோர்டுக்கு ஃபுட்பால் ஆடினான்.

என் கணிப்பு: மர்ரே ஒரு சீசன் ஆசைக்கு ஃபுட்பால் ஆடிட்டு பிப்ரவரில அரிசோனா போயிடுவான். ஏ'ஸ் ஸ்பிரிங் டிரெயினிங் மேசாவுல. அஞ்சடி பத்து அங்குலம் கூட இருப்பானான்னு சந்தேகமா இருக்கிற பையனை என்எஃப்எல்ல, அதான் ப்ரொஃபெஷனல் ஃபுட்பால் லீக்ல, எவன் குவார்ட்டர்பேக்கா எடுப்பான். எழுதி வச்சுக்க, தப்பாப் போனா இர்விங்ல பிரியாணி என் செலவு.

ஜூன் 7

எல்வேயை எடுத்தது ரெண்டாவது ரவுண்டு, 1981. முதல் ரவுண்டுன்னு எழுதிட்டேன். தூக்கக் கலக்கம்.

ஜூன் 16

கையெழுத்து ஆயிடுச்சு. 4.66 மில்லியன் டாலர், நம்ம காசுல 31 கோடி ரூபா பக்கம். 9வது இடத்துக்கு லீக் குறிச்சு வச்சிருக்கிற தொகை (ஸ்லாட்) 4.76, அதைவிட ஒரு துளி கம்மி. ஏஜென்ட் ஸ்காட் போராஸ், பேஸ்பால்ல டீம் ஓனருங்க ராத்திரி கெட்ட கனவுல வர்ற ஆளு. நேத்து ஓக்லாண்ட்ல பச்சை மஞ்சள் தொப்பி போட்டு பேட்டிங் ப்ராக்டீஸ் பண்ணான். ஃபுட்பால் ஒரு சீசனுக்கு ஏ'ஸ் சம்மதம்.

ஏன் சம்மதிச்சாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சம்மதிக்கலைன்னா கையெழுத்து போட்டிருக்க மாட்டான் சார், வேற காரணம் இல்ல. 20 வயசுல சென்டர்ஃபீல்டுல அந்த வேகம், இந்த வருஷம் ஓக்லஹோமாவுக்கு 10 ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), .296 ஆவரேஜ், அதுவும் பேஸ்பாலை அரை நேரம் ஆடிட்டே. முழு நேரம் ஆடினா என்ன ஆவான்ங்கிற ஆசைதான் ஏ'ஸுக்கு.

வீட்டுலயும் ரெண்டு பக்கமும் ரத்தம் ஓடுது. சித்தப்பா கால்வின் மர்ரே மேஜர் லீக்ல பேஸ்பால் ஆடினவர். அப்பா கெவின் மர்ரே 1982ல மில்வாக்கி புரூவர்ஸ்ல பேஸ்பால் கையெழுத்து போட்டுட்டு அதை விட்டுட்டு டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்ல குவார்ட்டர்பேக் ஆனவர். அப்பா போன ரூட்டை நான் கொஞ்சம் கவனிச்சிருக்கணுமோ? கணிப்பை மாத்தல, சும்மா சொல்றேன்.

ஆகஸ்ட் 12

மைனர் லீக்னா என்னன்னு தம்பி கேட்டிருந்தான். மேஜர் லீக் டீமுங்க புதுசா எடுத்த ஆளுங்களை முதல்ல அனுப்பிப் பழக்குற கீழ் லீக். எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், நான் பாத்தது அது.

போன வருஷம் நான் சவுத் கரோலினா கொலம்பியாவுல ஒரு இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்ல இருந்தேன். ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல செய்ய ஒண்ணும் கிடையாது. அப்போதான் டிம் டீபோ வந்தாரு. ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில ஹைஸ்மன் டிராஃபி (காலேஜ் ஃபுட்பால்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆளுக்குக் குடுக்கிறது) வாங்கின குவார்ட்டர்பேக், என்எஃப்எல்ல ஆடி, விலகி, 29 வயசுல திடீர்னு பேஸ்பால் ஆடுறேன்னு கிளம்பி 2016 செப்டம்பர்ல நியூயார்க் மெட்ஸ்கிட்ட கையெழுத்து போட்டார், போனஸ் ஒரு லட்சம் டாலர். அனுப்பி வச்ச இடம் கொலம்பியா ஃபயர்ஃப்ளைஸ். மின்மினிப்பூச்சிகள்! டீம் பேரே அது. முதல் மேட்ச்ல முதல் தடவை பேட் பிடிக்கும்போதே ஹோம்ரன், ஊரே பைத்தியம் பிடிச்சுப் போச்சு. நான் அதைப் பாக்கல, ஆஃபீஸ்ல ரிலீஸ் நைட். பாத்த மாதிரி ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்கேன், இங்க உண்மையைச் சொல்லிடறேன்.

நான் போனது மே மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. டிக்கெட் பத்து டாலர் பக்கம். டீபோவோட 15ஆம் நம்பர் டி-ஷர்ட்டை 28 டாலர் குடுத்து வாங்கினேன், வீட்டுல அதுக்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். கூட்டத்துல பாதி பேர் ஃப்ளோரிடா ஜெர்சி போட்ட பாட்டிங்க. அவர் நாலு தடவை வந்து மூணு தடவை ஸ்ட்ரைக் அவுட், ஒண்ணு இரண்டாவது பேஸ்மேன் கைக்கே போச்சு. ஆனா நான் மறக்காதது அவரை இல்ல. மேட்ச் முடிஞ்சு கார் பார்க்கிங் பக்கம் வந்தேன், பக்கத்து ஊர் டீமோட பஸ் நின்னுட்டு இருந்துச்சு, பசங்க பைல ஐஸ் கட்டி தோள்ல வச்சு செல்லோடேப் மாதிரி பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா ஏர்றாங்க, கடைசியா ஒரு பையன், 19 வயசுக்கு மேல இருக்காது, கையில ஒரு ரொட்டி பாக்கெட், பீனட் பட்டர் டப்பா. அதுதான் டின்னர். அந்த லெவல்ல சம்பளம் மாசம் 1,100 டாலர் சொச்சம், அதுவும் சீசன் நடக்கிற மாசத்துக்கு மட்டும். வெளியூர் போனா சாப்பாட்டுக்கு நாளைக்கு 25 டாலர். முன்பின் தெரியாத குடும்பங்க வீட்டுல ஒரு ரூம் குடுப்பாங்க, அதுல தங்கிக்கணும்.

டிராஃப்ட்ல முதல் ரவுண்டுல வந்தாலும் இந்த பஸ்ஸுல ஏறித்தான் ஆகணும். மூணு வருஷம், நாலு வருஷம். ஃபுட்பால்ல அப்படி இல்ல, ஏப்ரல்ல எடுப்பாங்க, செப்டம்பர்ல டிவில வந்துடுவான்.

இதை எழுதும்போதே என் கணிப்பு மேல எனக்கே லேசா சந்தேகம் வருது. இருந்தாலும் உயரம் உயரம்தான்.

செப்டம்பர் 23

போ ஜாக்சன் பத்தி ஒருத்தர் ஒரு வரில கேட்டிருந்தார். ஒரு வரில முடியாது.

ஆபர்ன் யுனிவர்சிட்டி, 1985 ஹைஸ்மன். ஹைஸ்கூல் முடிக்கும்போதே 1982ல யாங்கீஸ் ரெண்டாவது ரவுண்டுல கூப்பிட்டும் போகாம காலேஜ் போனவன். 1986ல என்எஃப்எல் டிராஃப்ட்ல டாம்பா பே பக்கனியர்ஸ் முதல் ஆளா எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி மெடிக்கல் செக்கப்புக்கு வான்னு டீம் ஓனர் ஹ்யூ கல்வர்ஹவுஸ் தன் சொந்த விமானத்தை அனுப்பினார். காலேஜ் விதி பத்தி நாங்க விசாரிச்சுட்டோம், ஒண்ணும் ஆகாதுன்னு டீம்காரங்க போகிட்ட சொல்லியிருக்காங்க. போ ஏறிட்டான். திரும்பி வந்தா, அந்த ஓசி டிக்கெட்டால காலேஜ் பேஸ்பால் சீசன்ல மிச்ச மேட்ச் எல்லாம் ஆடக் கூடாதுன்னு தடை. பேஸ்பாலை விட வைக்கத்தான் வேணும்னே பண்ணாங்கன்னு போ நம்பினான், இன்னிக்கு வரைக்கும் நம்புறான். உங்க டீமுக்கு ஆட மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். அவங்க நீட்டினது அஞ்சு வருஷத்துக்கு 7.6 மில்லியன். அதைத் தள்ளிட்டு கான்சாஸ் சிட்டி ராயல்ஸ்ல 1.07 மில்லியனுக்கு மூணு வருஷம் பேஸ்பால் கையெழுத்து போட்டான். ராயல்ஸ் அவனை எடுத்தது நாலாவது ரவுண்டு, ஏன்னா மத்த டீம் எல்லாம் இவன் எப்படியும் ஃபுட்பால் போவான்னு நினைச்சு விட்டுட்டாங்க.

கோவத்துல எடுத்த முடிவு வாழ்க்கையில உருப்படாதுன்னு எங்க அம்மா சொல்லும். போ விஷயத்துல உருப்பட்டுச்சு. 1989 ஆல்-ஸ்டார் மேட்ச்ல முதல் பேட்ஸ்மேனா இறங்கி 448 அடிக்கு ஒண்ணு வெளுத்தான், அந்த வருஷம் 32 ஹோம்ரன், 172 ஸ்ட்ரைக் அவுட். அடிச்சா ஆகாசம் இல்லன்னா ஒண்ணுமில்ல. நடுவுல 1987ல என்எஃப்எல் டீம் ரெய்டர்ஸ் ஏழாவது ரவுண்டுல சும்மா போட்டு வைப்போம்னு எடுக்க, பேஸ்பால் சீசன் முடிஞ்ச பிறகு பொழுதுபோக்கா ஃபுட்பால் ஆடறேன்னான். அந்த வருஷம் நவம்பர்ல ஒரு திங்கக்கிழமை ராத்திரி சியாட்டில் கூட 221 கஜம் ஓடினான், அதுல ஒரே ஓட்டம் 91.

அப்புறம் 1991 ஜனவரி 13, சின்சினாட்டி பெங்கால்ஸ் மேட்ச். பின்னாடிலருந்து ஒருத்தன் காலைப் பிடிச்சு இழுத்தான், பாக்க சாதாரண டாக்கிள்தான், இடுப்பு எலும்பு போச்சு. ரத்த ஓட்டம் நின்னு எலும்பே செத்துப் போச்சு. ராயல்ஸ் மார்ச்ல விட்டுட்டாங்க. செயற்கை இடுப்பு வச்சுக்கிட்டு 1993ல ஒயிட் சாக்ஸுக்குத் திரும்பி வந்து முதல் தடவை பேட் பிடிச்சப்பவே ஹோம்ரன் அடிச்சான், அது வேற விஷயம்.

அதனாலதான் சொல்றேன், பேஸ்பால் போ தம்பி மர்ரே, இடுப்பு மிஞ்சும்.

செப்டம்பர் 24

டியான் சாண்டர்ஸை விட்டுட்டேன்னு மூணு பேர் திட்டியிருக்கீங்க. சரி. 1992 அக்டோபர்ல ஒரே நாள் மியாமில அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு ஃபுட்பால் ஆடிட்டு, விமானம் ஏறி பிட்ஸ்பர்க் போய் அட்லாண்டா பிரேவ்ஸ் டக்அவுட்ல உக்காந்த ஆளு. அன்னிக்கு ராத்திரி அவரை இறக்கவே இல்ல! ஃபுட்பால் ஃபைனலான சூப்பர் பவுலும் பேஸ்பால் ஃபைனலான உலக சீரீஸும் ரெண்டும் ஆடின ஒரே மனுஷன் இன்னிக்கு வரைக்கும் அவர்தான். திருப்தியா?

அக்டோபர் 21

இன்னிக்கு கொஞ்சம் யோசிச்சேன். இந்த இழைல நாம "எந்த விளையாட்டு பிடிக்கும்"னே பேசிட்டு இருக்கோம். அது பாதி கதைதான்.

எல்வேகிட்ட திரும்பி வரேன். யாங்கீஸ் குடுத்தது 1,40,000 டாலர். 1982 சம்மர்ல நியூயார்க் மாநிலத்துல ஒனியான்டான்னு ஒரு சின்ன ஊர், அங்க 42 மேட்ச் ஆடி .318 அடிச்சான். நல்ல பேட்ஸ்மேன்தான். ஆனா 1983ல பால்டிமோர் கோல்ட்ஸ் முதல் ஆளா எடுத்தப்போ, உங்ககிட்ட வர மாட்டேன், யாங்கீஸ் இருக்காங்க, பேஸ்பால் ஆடிட்டுப் போறேன்னு நின்னான். ஒரு வாரம்தான், மே 2ஆம் தேதி கோல்ட்ஸ் அவனை டென்வருக்குத் தள்ளிவிட்டுட்டாங்க. பொண்ணு வீட்டுல பேசும்போது இன்னொரு ஜாதகமும் வந்திருக்குன்னு சட்டைப் பையில லேசா நீட்டிக் காட்டுவாங்களே, அந்த ஜாதகம்தான் யாங்கீஸ் கான்ட்ராக்ட். கட்டிக்கப் போறது இல்ல. ஆனா அது இல்லாம எல்வே டென்வர் போயிருக்க முடியாது.

மர்ரே கையிலயும் அந்த ஜாதகம் இருக்கு. நான் எது கல்யாணம் எது ஜாதகம்னு மாத்திப் பாக்கிறேனோ என்னவோ. இவன் இந்த சீசன் ஆடுற ஆட்டத்தைப் பாத்தா வயித்தைக் கலக்குது.

நிஜமாவே பேஸ்பாலைக் கட்டிக்கிட்டவங்க ரெண்டு பேர். நோட்ர டாம்ல ரிசீவரா ஆடின ஜெஃப் சமார்ஜா, 2007 ஜனவரில கப்ஸ்கிட்ட அஞ்சு வருஷத்துக்கு 10 மில்லியன் வாங்கிட்டு என்எஃப்எல் பக்கமே திரும்பல, இப்போ ஜயன்ட்ஸ்ல 90 மில்லியன் கான்ட்ராக்ட்ல பிட்சர். பேஸ்பால்ல கையெழுத்து போட்ட காசு முழுசா வரும், கை உடைஞ்சாலும் வரும், ஃபுட்பால்ல பாதி கான்ட்ராக்ட் வெறும் பேப்பர். இன்னொருத்தன் ட்ரூ ஹென்சன். மிச்சிகன் குவார்ட்டர்பேக், பின்னாடி என்எஃப்எல்ல பெரிய ஆளான டாம் பிரேடியோட இடத்தையே அங்க பங்கு போட்டவன். 2001ல கடைசி வருஷ காலேஜை விட்டுட்டு யாங்கீஸ்ல 6 வருஷம் 17 மில்லியன். மேஜர் லீக்ல மொத்தம் 9 தடவை பேட் பிடிச்சான். ஒரு ஹிட். 2004ல மிச்சம் இருந்த 12 மில்லியனை வேண்டாம்னு வச்சுட்டு ஃபுட்பாலுக்கே ஓடிட்டான், அங்கயும் நிலைக்கல.

பிரேடியையும் 1995ல மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 18வது ரவுண்டுல கேட்சரா எடுத்தாங்க, தெரியுமா. கையெழுத்து போடல. எக்ஸ்போஸ் இப்போ இல்ல. பிரேடி இன்னும் இருக்கார்.

டிசம்பர் 9

நேத்து ராத்திரி ஹைஸ்மன் மர்ரேக்கு. அலபாமா டுவா டாங்கோவைலோவாவைத் தோக்கடிச்சுட்டான். தம்பி ரெண்டு பிரியாணி எமோஜி அனுப்பியிருக்கான். அடக்கி வாசி, இன்னும் முடியல.

2019 ஜனவரி 15

நேத்து என்எஃப்எல் டிராஃப்டுக்குப் பேர் குடுத்துட்டான். ஞாயித்துக்கிழமை ஏ'ஸ்காரங்க டல்லாஸுக்கே வந்து உக்காந்து பேசினாங்களாம், ஏ'ஸ் டீமை நடத்துற பில்லி பீன் உட்பட.

பில்லி பீன்! இந்த மொத்தக் கதைலயும் எனக்குப் பிடிச்ச இடம் இதான், யாரும் பேச மாட்டேங்கறாங்க. இந்த மனுஷன் 18 வயசுல அதே நாற்காலில எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தவர். 1980ல ஸ்டான்ஃபோர்ட் அவருக்கு பேஸ்பாலும் ஃபுட்பாலும் சேத்து ஸ்காலர்ஷிப் நீட்டுச்சு, ஜான் எல்வேக்கு அப்புறம் குவார்ட்டர்பேக் இவர்தான்ங்கிற எண்ணத்துல. அதை விட்டுட்டு மெட்ஸ் குடுத்த 1,25,000 டாலரை எடுத்தார். ஆட்டக்காரரா சோபிக்கல. இனிமே காசுக்காக ஒரு முடிவு எடுக்க மாட்டேன்னு பின்னாடி சொன்னவர். அவரே வந்து 21 வயசுப் பையன் முன்னாடி உக்காந்து பேஸ்பாலுக்கு வாப்பான்னு கேக்கறார். என்ன பேசியிருப்பார்? தன் கதையைச் சொன்னா பையன் ஓடிடுவான், சொல்லாம இருந்தா மனசு உறுத்தும்.

பிப்ரவரி 11

தோத்துட்டேன். ஃபுட்பால்தான்னு ட்விட்டர்ல போட்டுட்டான்.

பிப்ரவரி 12

நேத்து எழுத மனசு வரல. கணக்கைப் பாருங்க. 4.66 மில்லியன்ல 1.5 கைக்கு வந்திருச்சு, அதுல 1.29 திருப்பிக் குடுக்கணும், மார்ச் 1ஆம் தேதி வரவேண்டிய 3.16 கிடையாது. கையில வந்ததை எண்ணித் திருப்பிக் குடுத்துட்டுப் போறான்.

இதைப் படிச்சதும் எனக்கு என் பாண்ட் ஞாபகம் வந்துச்சு. பேஸ்பாலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தாண்டிப் போறவங்க போகலாம். 2005ல சென்னைல முதல் வேலை, ரெண்டு வருஷ பாண்ட், நடுவுல போனா ஒரு லட்சம் கட்டணும், ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் கம்பெனி பீரோவுல. எட்டாவது மாசம் எனக்கு நிஜமாவே பிடிச்ச ஒரு வேலை பெங்களூர்ல வந்துச்சு, சம்பளம் கம்மி, ஆனா அந்த வேலைக்காகத்தான் நான் படிச்சதே. அப்பா எல்ஐசி பாலிசி மேல கடன் வாங்கித் தரேன், போன்னார். நான்தான் வேண்டாம்னேன். ஒரு லட்சம்னா அப்போ எங்க வீட்டுல யாரும் ஒண்ணாப் பாக்காத காசு. பாண்ட் முடிஞ்சு சர்டிஃபிகேட் வாங்கும்போது அந்த இன்னொரு வேலை வேற ஆளுக்குப் போயி ஒண்ணரை வருஷம் ஆயிருந்துச்சு.

அதனாலதான் ஜூன்லருந்து அவன் பேஸ்பால்தான் போவான்னு நான் சாதிச்சேனோ என்னவோ. கையெழுத்து போட்டவன் திரும்ப மாட்டான்னு நான் என்னை வச்சுக் கணக்குப் போட்டுட்டேன். அவன் குடும்பத்துல காசு பஞ்சம் இல்ல, ரெண்டாவது கதவு திறந்தே இருந்துச்சு, ஒப்பிடக் கூடாதுதான்.

பிப்ரவரி 13

அப்பா வாங்கித் தரேன்னது உண்மைல எல்ஐசி கடன் இல்ல, கூட்டுறவு பேங்க்ல நகைக் கடனாம். போன்ல கேட்டேன். "அது உங்கம்மா வளையல்டா" ன்னார். எனக்கு இத்தனை வருஷமா தெரியாது.

ஏப்ரல் 26

நேத்து டிராஃப்ட்ல முதல் ஆள். அரிசோனா கார்டினல்ஸ். பேஸ்பால்லயும் ஃபுட்பால்லயும் முதல் ரவுண்டுல எடுக்கப்பட்ட முதல் ஆள் இவன்தான், இதுக்கு முன்னாடி எல்வேயும் இல்ல, போவும் இல்ல. கான்ட்ராக்ட் 35 மில்லியன் பக்கம் வரும்ங்கறாங்க, கையெழுத்து போனஸ் மட்டும் 23க்கு மேல. பேஸ்பால்ல அந்த இடத்துக்கு வர 6, 7 வருஷம் ஆகியிருக்கும். உயரம் பிப்ரவரி கடைசில அளந்தாங்க, அஞ்சடி பத்தே கால் அங்குலமாம். ஊரே அந்த காலைக் கொண்டாடுச்சு.

திருத்தம்: கால் இல்ல, எட்டுல ஒரு பாகம். அரைக்கால்.

ஒண்ணு கவனிச்சீங்களா, போன ஜூன்ல நான் என்ன எழுதினேன்? அரிசோனா போவான்னேன். போயிட்டானா இல்லையா! டீமைத்தான் சொல்லல.

ஏப்ரல் 28

வாதம் எடுபடல. இர்விங்ல பிரியாணி வாங்கிக் குடுத்தாச்சு. தம்பி ரூம்மேட்டையும் கூட்டிட்டு வந்துட்டான், சீட்டிங்னு சொன்ன அதே ஆளு. 46 டாலர்.

2021 பிப்ரவரி 18

டீபோ நேத்து ரிட்டயர் ஆயிட்டார். சிராக்யூஸ் வரைக்கும், அதாவது மேஜர் லீகுக்கு ஒரே படி கீழ வரைக்கும் ஏறினார், அங்க 2019ல ஆவரேஜ் .163. எல்லாரும் சிரிக்கிறாங்க. கொலம்பியாவுல அந்த ரொட்டி பாக்கெட் பையன் எங்க போனான்னுதான் எனக்கு யோசனை.

சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு. ரஸ்ஸல் வில்சனும் மைனர் லீக்ல 93 மேட்ச்ல .229தான். 2010ல கொலராடோ ராக்கீஸ் நாலாவது ரவுண்டுல எடுத்த மறுநாள் அப்பா இறந்துட்டார். ரெண்டு சம்மர் பஸ்ஸுல போய் வந்தான், அதுக்காக பழைய காலேஜ் ஃபுட்பால் டீம் விட்டுருச்சு, விஸ்கான்சின் போய் ஆடினான். அப்புறம் சூப்பர் பவுல். பேஸ்பால் கையெழுத்து ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொண்ணா இருந்திருக்கு.

2022 டிசம்பர் 14

ஜூலைல மர்ரேக்கு 5 வருஷம் 230.5 மில்லியன்னு புது கான்ட்ராக்ட் வந்துச்சு. அதுல வாரம் நாலு மணி நேரம் தனியா உக்காந்து பாடம் படிக்கணும்னு ஒரு ஷரத்து வேற, ஊரே சிரிச்சதும் எடுத்துட்டாங்க. எங்க வீட்டுல பொண்ணுக்கு அதே ஷரத்து போட்டேன், மதிக்கல.

முந்தாநாள் நியூ இங்கிலாந்து மேட்ச், மூணாவது பிளே, யாரும் தொடவே இல்ல, முட்டி தசைநார் அறுந்து வண்டில ஏத்திட்டுப் போனாங்க. "பேஸ்பால் போ தம்பி, இடுப்பு மிஞ்சும்"னு 2018ல எழுதினதை ஒருத்தர் எடுத்துப் போட்டிருக்கார். தயவுசெஞ்சு வேண்டாம். அப்படி ஜெயிக்க எனக்கு ஆசை இல்ல.

2024 ஜனவரி 24

பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல நேத்து அறிவிச்ச மூணு பேர்ல ரெண்டு பேர் நம்ம இழை ஆளுங்க! டாட் ஹெல்டன், ஜோ மவர்.

ஹெல்டன் 1994ல டென்னஸிக்கு குவார்ட்டர்பேக். முதல் மேட்ச்ல மெயின் ஆளுக்கு அடிபட, இவர் வந்தார், மூணு வாரத்துல இவருக்கும் முட்டி போச்சு. அதுக்கப்புறம் உள்ள வந்த புதுப் பையன், பின்னாடி என்எஃப்எல்ல பெரிய ஆளான பேட்டன் மானிங். ஹெல்டன் மறு வருஷம் ராக்கீஸ்ல கையெழுத்து போட்டு 17 சீசன் அங்கயே ஆடிட்டார். மவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு குவார்ட்டர்பேக்கா வரேன்னு சொல்லிட்டு 2001ல மின்னசோட்டா ட்வின்ஸ் பக்கம் போனவர், பக்கத்து ஊரு, வீட்டுச் சாப்பாடு. ஆக என் கட்சியும் செத்துப் போகல. தோத்த வக்கீலுக்கு வேற கேஸ்ல தீர்ப்பு வந்த மாதிரி இருக்கு.

2025 ஏப்ரல் 6

அந்தத் தம்பி இப்போ ஆலன்லயே வீடு வாங்கிட்டான், பழைய இழையைத் தோண்டி எடுத்து, மர்ரே நாளைக்கே பேஸ்பாலுக்குத் திரும்பினா எந்த டீம்னு கேட்டிருக்கான். 2019ல ஏ'ஸ் அவனை ரெஸ்ட்ரிக்டட் லிஸ்ட்ல போட்டாங்க. அதாவது திரும்பணும்னா அவங்ககிட்டதான் போகணும்.

ஆனா ஏ'ஸ் எங்க இருக்காங்க? ஓக்லாண்டை விட்டாச்சு, லாஸ் வேகாஸ்ல மைதானம் கட்டற வரைக்கும் இந்த சீசன்லருந்து சாக்ரமென்டோ பக்கத்துல ஆடறாங்க. அது ஒரு மைனர் லீக் மைதானம், 14,000 பேர் உக்காரலாம். எந்த மைனர் லீக் பஸ்ஸுல ஏறாம தப்பிச்சானோ அந்த பஸ் போற இடத்துக்கே மேஜர் லீக் டீம் குடிவந்திருச்சு. தம்பி வீட்டு மாடிலருந்து தெரியற ஆலன் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஸ்டேடியத்துல 18,000 சீட்டு.